வீடியோவைக் கருவாடாக்கிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்தே வருகிறது. விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும் இந்த நாட்களில் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை பிள்ளைகள் கையில் செல்போனைத்தான் பார்க்கலாம். முன்பு கடலுக்குள் எடுத்து வைத்ததை வெட்டி ஒட்டுகிறவர்கள் ஒரு பக்கம், புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் ஒரு பக்கம், அரிச்சல்முனையில் நின்று ரீல்ஸ் எடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பெரியவர்கள் இவர்களுக்குச் சொல்வது ஒரே வரி: "போனைக் கீழே வை." அந்த வரியால் இதுவரை ஒரு போனும் கீழே போனதில்லை. வலை கட்டுவதையும் நண்டுக் குழம்பு வைப்பதையும் நன்றாக எடுத்துப் போட்டு நாலு காசு பார்க்கும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. எப்போது, எதை, யாருக்குப் போடுவது என்பதில்தான் கோளாறு. வீடியோ எடுக்கவும் தொகுக்கவும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்குத் தெரிந்ததை எழுதுகிறோம்.

முதலில் நேரம். பச்சை மீனுக்கு நேரம் ஓட ஓட விலை இறங்கும். அந்தப் பழக்கத்தில் வீடியோவையும் எடுத்த கையோடு ஏற்றிவிடுகிறார்கள். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் காலைதான் திரும்பும். ஒரு பெண்பிள்ளை திங்கட்கிழமை மாலை, "அப்பா கடலுக்குப் போயிட்டாங்க, இன்னைக்கு நம்ம சமையல்" என்று வீட்டு வாசலில் நின்று ஒரு ரீல்ஸ் போட்டால், அன்று இரவு அந்த வீட்டில் ஆண்துணை இல்லை என்று அறிவித்த மாதிரி. இரண்டு வாரம் பார்க்கிறவனுக்கு அட்டவணையே கிடைத்துவிடும். இதே வீடியோ வியாழக்கிழமை ஏறினால் சமையல் மட்டும்தான் மிஞ்சும். பார்வை ஒன்றும் குறைந்துவிடாது. ஆகவே எடுத்ததைக் குறைந்தது ஒரு நாள் காயவிடுங்கள். கருவாட்டுக்கு என்ன விதியோ வீடியோவுக்கும் அதே விதி. தனுஷ்கோடிக்கோ ஏர்வாடிக்கோ போனால், வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.

நேரலையில் காயவிட வழியில்லை. எடுப்பதும் போவதும் ஒரே நொடி. யூடியூப் 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் தனியாக நேரலை செய்வதை நிறுத்திவிட்டது. இன்ஸ்டாகிராமில் 16 வயதுக்குட்பட்டவர்கள் நேரலை போகப் பெற்றோர் அனுமதி வேண்டும். இதைத் தாண்டுவதற்காக அண்ணன் பெயரில் அக்கவுண்ட் தொடங்குகிறார்கள். அதனால் என்ன கெடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்தது படத்தின் ஓரம். எடுப்பவர் கண் நடுவில் இருக்கும். தேடுபவர் கண் ஓரத்தில் இருக்கும். படகின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், 'ஐ.என்.டி - டி.என் - 10 - எம்.எம்' என்று தொடங்கும் பதிவு எண். பத்து என்றால் ராமநாதபுரம் மாவட்டம். எண் தெரிந்தால் உரிமையாளர் பெயரை ஏலக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் கண்ணாடியில் செருகியிருக்கும் டோக்கன் சீட்டு. வாசலில் நிற்கும் 'டி.என் 65' வண்டி. சீருடைப் பையின் பட்டையில் பள்ளிப் பெயர். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அப்பாவின் செல் நம்பர். இதில் ஒன்று போதும்.

ஏற்றும் முன் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு, நடுவில் இருப்பவரைப் பார்க்காமல் நான்கு ஓரங்களை மட்டும். இரண்டாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும். பள்ளிவாசல் அறிவிப்பு, கோயில் ஒலிபெருக்கி, ரயில் நிலைய அறிவிப்பு, பின்னால் அம்மா முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் அப்போதுதான் காதில் விழும். மூன்றாவது தடவை 0.25 வேகத்தில். ஒரு நிமிட வீடியோவில், நொடிக்கு 30 வீதம், 1,800 படங்கள் இருக்கின்றன. நமக்கு நொடியில் கடந்து போவது, நிறுத்திப் பார்க்கிறவனுக்கு அசையாத புகைப்படம். கால் வேகத்தில் ஒரு நிமிடம் நான்கு நிமிடமாகும். ரீல்ஸுக்குப் பாட்டுத் தேடும் நேரத்தைவிடக் குறைவுதான்.

எண்ணை மங்கலாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். யூடியூப் ஸ்டுடியோவில் முகத்தை மங்கலாக்கும் வசதியும், நாமே கட்டம் போட்டு மறைக்கும் வசதியும் உண்டு. தரையில் எடுத்த வீடியோவுக்கு அது சரி. படகில் எடுத்ததற்குச் சரிவராது. அலையில் படகு தூக்கிப் போடும்போது கட்டம் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் போய்விடும். அந்த நாலைந்து படத்தில் எண் பளிச்சென்று தெரியும். லேசாக மங்கலாக்கிய எண்ணை ஊகித்துப் படிக்கவும் முடியும். மறைத்தே ஆக வேண்டுமென்றால் முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, 0.25 வேகத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அதைவிட எளிது, எடுக்கும்போதே அணியத்துக்கு முதுகைக் காட்டி நின்று பின்தளத்தைப் பார்த்து எடுப்பது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கோப்புக்குள் இருக்கிறது. கேமராவில் 'இருப்பிடக் குறி' இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வீடியோவுக்குள் எழுதப்பட்டுவிடும். ஐந்து தசம இடத்துக்கு எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு இடத்தைக் குறிக்கும்; போனின் ஜி.பி.எஸ். பிழையைச் சேர்த்தாலும் சில மீட்டர்தான். அதாவது தெரு இல்லை, வீடு. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்வையாளருக்கு இது தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் நீங்கிவிடும். ஆனால் 'கிளாரிட்டி போயிடும்' என்று டாக்குமெண்டாக அனுப்புகிறார்களே, அதிலும், கூகுள் டிரைவில் அசல் கோப்பைப் பகிரும்போதும் இடக்குறி அப்படியே போகிறது. முகம் தெரியாத எடிட்டருக்கு அனுப்பும்போது நடப்பது இதுதான். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய், செயலிகள், கேமரா, அனுமதிகள், இருப்பிடம் என்று வரிசையாகத் திறந்து மறுத்துவிடுங்கள். ஐபோனில் தனியுரிமைப் பகுதியில் இருப்பிடச் சேவைகளுக்குள் கேமராவுக்கு 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள். இது இனி எடுப்பவற்றுக்குத்தான். பழையவற்றில் குறி இருக்கத்தான் செய்யும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம். கடல் அட்டைக்கு 2001 முதல் தடை. கடல் குதிரை, ஆமை, ஆவுளியா என்கிற கடற்பசு எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வலையில் தவறிச் சிக்கிய ஆமையைக் கடலில் விடுவது நல்ல காரியம். விடுவதற்கு முன் துடுப்பைப் பிடித்துத் தூக்கி, முகத்தையும் காட்டி ஒரு நிமிடம் எடுப்பது வழக்குக்குத் தேவையான சாட்சியத்தை நாமே தயாரித்துக் கொடுப்பது. ரயில் பாலத்துத் தண்டவாளத்தில் நின்று எடுப்பதும் அப்படித்தான். அத்துமீறி நுழைந்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருப்பதால், டிரோன் வைத்திருக்கும் தம்பிகள் பறக்கவிடும் முன் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் மண்டலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

படத்தில் விழும் மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கம் பாசி எடுத்துவிட்டு ஈரத் துணியோடு கரையேறும் பெண்களையும், அக்னி தீர்த்தத்தில் குளித்தெழுகிறவர்களையும் கேட்காமல் எடுத்துப் போடுகிறார்கள். வெளியூர் வியூஸ் வேட்டைக்காரர்கள்தான் அதிகம்; நம் பிள்ளைகளும் பார்த்துப் பழகிவிட்டார்கள். உடை மாற்றும் பெண்ணைப் படமெடுப்பதும் அதைப் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் நேரடியாக வரும் குற்றம். ஈரச் சேலைக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்கத் தேவையில்லை. "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டால் போதும்.

அக்கவுண்ட் விஷயத்துக்கு வருகிறோம். பதிவு செய்யும்போது 13, 14 வயதுப் பிள்ளை பிறந்த ஆண்டை நாலைந்து வருடம் முன்னால் தள்ளிக் கொடுத்துவிடும். எங்கள் பார்வையில் இதுதான் முதல் ஓட்டை. இன்ஸ்டாகிராமில் இளையோர் கணக்கு என்றால் பூட்டிய கணக்காகவே தொடங்கும். பழக்கமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குட்பட்டவர் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். யூடியூபில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் ஏற்றும் வீடியோ, நாமாக மாற்றாதவரை 'பிரைவேட்'டாகவே இருக்கும். வயதைக் கூட்டிச் சொன்ன நிமிடமே இந்தக் காவல் எல்லாம் கழன்றுவிடுகிறது. அண்ணன் பெயரில் தொடங்கிய அக்கவுண்ட்டுக்கும் இதே கதி.

துபாயிலிருக்கும் வாப்பாவுக்கு மட்டும் காட்ட வேண்டிய வீட்டு விசேஷ வீடியோவை 'அன்லிஸ்டட்' என்று போடுகிறார்கள். அன்லிஸ்டட் என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான். லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும், குடும்பக் குரூப்பிலிருந்து அடுத்த குரூப்புக்குத் தாவும். 'பிரைவேட்' என்று வைத்து, பார்க்க வேண்டியவரின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்தால் அவர் மட்டுமே பார்க்கலாம்.

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் "உங்கள் வீடியோவில் காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்றோ "விளம்பரம் தருகிறோம், ஒப்பந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்" என்றோ செய்தி வரும். அந்த லிங்க்கும் கோப்பும் பாஸ்வேர்டைத் திருடத்தான். உண்மையான புகார் யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே தெரியும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போன் கடலில் விழுந்தால் அதுதான் திரும்ப உள்ளே போக வழி.

இனி, எல்லோரும் பயப்படும் விஷயம். அது பெரும்பாலும் அன்பாகத்தான் தொடங்கும். கமெண்ட்டில் "தம்பி செம, எந்த ஊரு?" இரண்டு நாள் கழித்து, "நானும் ராம்நாடுதான்டா." அடுத்து இன்பாக்ஸ், அடுத்து வாட்ஸ்அப் நம்பர், அடுத்து இரவு பதினொரு மணிக்கு வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடுவது பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு செய்த வீடியோ. இந்தப் பக்கம் பதிவாவது நம் பிள்ளை. ஐந்து நிமிடத்தில் மிரட்டல் வந்துவிடும்: நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு, "இவர்கள் எல்லோருக்கும் அனுப்பவா?" இப்போது எதுவும் அனுப்பாத பிள்ளைக்கும் இது நேர்கிறது. முகம் தெரியும் சாதாரண ரீல்ஸை எடுத்து ஏ.ஐ. வைத்து ஆபாசமாக ஒட்டிவிடுகிறார்கள். "நீ என்ன அனுப்பினாய்?" என்பது வீட்டில் கேட்கும் முதல் கேள்வியாக இருந்தால் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு மூன்று. பணம் அனுப்புவது. அனுப்பினால், இந்தப் பிள்ளையிடம் பணம் வரும் என்று மிரட்டுகிறவனுக்குத் தெரிந்து தொகை கூடும், மிரட்டல் நிற்காது. பயந்து சாட்டையும் அக்கவுண்ட்டையும் அழிப்பது. நம்மிடம் சாட்சி போய்விடும், அவனிடம் வீடியோ இருக்கும். உடனே பிளாக் செய்வது. செய்ய வேண்டியதுதான், ஆனால் கடைசியில்.

முதலில் இன்னொரு போனை வாங்கி, திரையை அப்படியே படமெடுங்கள். சில செய்திகள் ஒருமுறை பார்த்ததும் மறைந்துவிடும், ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இடம் தராது. அதற்குத்தான் இரண்டாவது போன். அவனுடைய பெயரை மட்டும் குறித்தால் போதாது, பெயரை நிமிடத்தில் மாற்றலாம். புரொஃபைலின் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். போன் நம்பர், யு.பி.ஐ. ஐடி, பணம் போயிருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பதிவு செய்யுங்கள். குழந்தைகளின் ஆபாசப் படம் பரவுவதைப் பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். யாரிடம் சொல்வது என்று தெரியாத பிள்ளைக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

வீடியோ பரவாமல் தடுக்க இலவசச் சேவைகள் இரண்டு உண்டு. 18 வயதுக்குட்பட்டபோது எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்'. பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும். அதே ரேகையுள்ள வீடியோ ஏறினால், இதில் சேர்ந்துள்ள தளங்கள் கண்டுபிடித்துத் தடுக்கும். வெட்டி மாற்றிய வீடியோவுக்கு ரேகை மாறிவிடலாம். ஆகவே கைக்கு வரும் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வாட்ஸ்அப் தனிச் சாட்டுக்குள் இது எட்டாது. எந்தத் தளத்தில் இருக்கிறதோ அங்கேயும் புகார் கொடுங்கள். நிர்வாணமாகவோ ஒட்டி மாற்றியோ வந்த படத்தைப் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று, 2026 பிப்ரவரியில் திருத்திய 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே வகுத்துவிட்டன. இத்தனையும் முடிந்த பிறகு பிளாக்.

"இது யாருடைய பிள்ளை என்று பாருங்க" என்று ஊர்க் குரூப்பில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை நல்ல எண்ணத்தில் பகிர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பகிர்வுதான்; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். இறக்கி வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வகுப்புக் குரூப்பில் பகிரும் பிளஸ் டூ மாணவனும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை.

காவல் நிலையம் என்றதும் தாய்மார்கள் தயங்குகிறார்கள். போக்சோ சட்டம் 24ஆம் பிரிவின்படி பிள்ளையிடம் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல். இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. "இது எங்க லிமிட் இல்லை" என்றும் திருப்பி அனுப்ப முடியாது; எந்த நிலையத்திலும் முதல் தகவலைப் பதியலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரே போகலாம்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் பெயரை மாற்றி, முகத்தை மறைத்து வெளியிடுகிறீர்கள். ஆனால் "இன்ன குடியிருப்பு, நாட்டுப்படகு மீனவர் மகள், இன்ன பள்ளி பத்தாம் வகுப்பு" என்று அச்சாகிவிடுகிறது. இருநூறு வீடுள்ள ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். காலைத் தேநீருக்குள் அது யார் என்று கடைக்குக் கடை தெரிந்துவிடும். போக்சோ 23ஆம் பிரிவு பெயரை மட்டும் மறைக்கச் சொல்லவில்லை. முகவரி, குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி என்று வரிசையாகச் சொல்கிறது. தங்கள் ராமநாதபுரம் பதிப்பில் இத்தகைய செய்திகளுக்கு 'கடலோரக் கிராமம்' என்பதற்கு மேல் இடம் குறிக்க வேண்டாம். செய்தியின் கீழே 1930, 1098 என்ற இரு எண்களையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இளையோருக்கு வீடியோ தொகுப்புப் பயிற்சி அளிப்போர் சிலர்,
மண்டபம்.